கிண்ணத்தில் மிஞ்சிய வண்டுகள்

ஸ்ரீபாலனிடம் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "எண்ற வேலை" என்று மட்டும் சொல்வார். எதை எண்ணுகிறீர்கள் என்று கேட்டால்தான் வண்டு என்பார். செத்த வண்டா, உயிருள்ள வண்டா என்று அதற்கு மேலும் கேட்பவர்கள் காஞ்சிபுரத்தில் உண்டு. அவர்களுக்கு, "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிடுவார்.

ஊர், வேகவதிக்கு அந்தப் பக்கம் இருக்கும் திருப்பருத்திக்குன்றம். சமண வேளாண் குடும்பம். அந்தக் குடும்பத்து ஆண்களை ஊரார் நயினார் என்று கூப்பிடுவார்கள். மூன்று அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவாக நாலரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. 1967 கோடையில் கிணற்றின் ஊற்று அடைபட்டது. எவ்வளவு தோண்டியும் சேறுதான் வந்தது. அந்த நிலத்தை வைத்து மூன்று குடும்பம் சாப்பிட முடியாது என்று தெரிந்ததும் ஸ்ரீபாலன் வெளி வேலை தேடினார். அதைத் தியாகம் என்று சொல்வதற்கில்லை. மூவரில் அவர் ஒருவர்தான் பத்தாவது வரை படித்திருந்தார்.

கிடைத்தது, ஐயம்பேட்டை சாலையில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலை. பயிர்ப் பூச்சி மருந்துகளைச் சோதிப்பதற்காக வாடகைக்கு எடுத்த வீடு அது. முன்பு நெசவாளர் ஒருவர் குடியிருந்திருக்கிறார். தறியைக் கழற்றி எடுத்துப் போன பிறகும், உட்கார்ந்து நெய்கிறவர் காலைத் தொங்கவிடும் தறிக்குழி தரையில் அப்படியே கிடந்தது. வெளியே வெயில் எப்படி எரித்தாலும் குழிக்குள் சூடு ஏறாது. அதனால் வண்டு வளர்க்கும் ஜாடியை அதற்குள் இறக்கி வைத்திருந்தார்கள்.

திட்டத்துக்கு இரண்டு ஆண்டு கெடு. 1970 மார்ச்சில் கணக்குகளை மேலிடம் ஏற்றுக்கொண்டால் கூடம் நிலைக்கும், எண்ணுகிற வேலையும் நிரந்தரமாகும். ஏற்காவிட்டால் ஸ்ரீபாலன் மனைவி ரத்னமாலாவையும் இரண்டு பெண் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அந்தச் சேற்றுக் கிணற்றுக்கே திரும்ப வேண்டும். இதற்கு நடுவில் வேறு வழி எதுவும் இல்லை.

பட்டு நெய்கிற ஊரில் ஒரு சமணர் இந்த வேலைக்கு வந்தால் சும்மா விடுவார்களா? பிள்ளையார்பாளையத்து டீக்கடையில் தினமும் ஒருவராவது ஆரம்பிப்பார்.

"நயினாரே, புழுவ கொல்றாங்கன்னு உங்க வீட்டுப் பொம்பளைங்க பட்டே கட்டமாட்டாங்க. வண்ட விஷத்துல போட்டுட்டு எத்தினி செத்துச்சின்னு பாக்கற வேல மட்டும் இனிக்குதா?"

"பட்டு கட்டினா அழகுதாம்பா வரும். இதுல சோறு வருது" என்பார் ஸ்ரீபாலன்.

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்தக் கேள்வி அவருக்குள்ளும் இருந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்து வைத்திருந்த பதில், கூடத்து அதிகாரி கோதண்டபாணியோடு முதல் வாரமே செய்துகொண்ட ஓர் ஏற்பாடு.

கோதண்டபாணி செங்கல்பட்டுக்காரர், வயது முப்பதுகூட இல்லை. பூச்சியியல் படித்தவர். எதையும் பாராட்டும் வழக்கம் அவருக்குக் கிடையாது, திட்டுவதும் குறைவுதான். வந்த நாளில் ஸ்ரீபாலன் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்து, "சரிய்யா. வண்ட கிண்ணத்துல போடறது நான். அடுத்த நாள் எண்றது நீ. உன் கை சுத்தம், போதுமா?" என்றார்.

ஸ்ரீபாலனுக்குப் போதுமாக இருந்தது. செய்கிறவன் வேறு, செய்ததைப் பார்க்கிறவன் வேறு என்ற பிரிவினையில் பெரிய அறிவாளிகளே வாழ்நாளை ஓட்டியிருக்கிறார்கள். அவருக்கும் அது இரண்டு ஆண்டு ஓடியது.

கூடம் சோதிக்க எடுத்துக்கொண்ட கேள்வி தாமலிலிருந்து வந்தது. அங்கே மேட்டு நிலத்தில் வேர்க்கடலை போடுகிற அங்கம்மாள் ஒரு நாள் இடுப்பில் கூடையோடு வந்து நின்றார். கூடையில் வாடிய செடிகள். வேரெல்லாம் புழு தின்ற தடம்.

"இன்னா ஆபீசரே, துட்டு குடுத்து வாங்கின மருந்து. பக்கத்துக் கொல்லக்காரன் போட்டான், புழு செத்துப்போச்சி. நான் போட்டேன், புழு கொழுத்துப்போச்சி. எம்மேல மட்டும் அதுக்கு இன்னா பாசம்?"

"எப்படிம்மா போட்டீங்க?" என்று கேட்டார் கோதண்டபாணி.

"எப்படின்னா? பொடி கொஞ்சூண்டு, கொல்ல பெருசு. எதுலயாவது கலந்துதானே எறைக்கணும்? அவன் மணல்ல கலந்தான். எங்க ஊட்ல நெல்லு அவிக்கிற அடுப்பு உமிக்கரி மூட்ட மூட்டயா கெடக்குது. அத வெச்சிக்கினு மணலுக்கு எங்க போவேன்? கரியில கலந்து உட்டேன்."

கோதண்டபாணி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பல்லு தேய்க்கிற கரிதானே, அது மருந்த இன்னா பண்ணிடும்?" என்றார் அங்கம்மாள்.

அதைத்தான் இரண்டு ஆண்டும் பார்த்தார்கள். கண்ணாடிக் கிண்ணங்களை ஐந்து வரிசையாக அடுக்கினார்கள். ஒரு வரிசையில் பாலாற்று மணல் மட்டும். அடுத்ததில் மணலோடு தாமல் ஏரி வண்டல். அதற்கடுத்ததில் மணலோடு மக்கிய தொழு உரம். நான்காவதில் மணலோடு உமிக்கரி. இந்த நான்கிலும் பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லிப் பொடி ஒரே அளவு. கடைசி வரிசையில் மருந்து இல்லாத வெறும் மணல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. ஒவ்வொரு கிண்ணத்திலும் இருபது மாவு வண்டுகள். வேர்ப்புழு எல்லா மாதமும் கிடைக்காது; மாவு வண்டு ஆண்டு முழுவதும் பெருகும். வண்டுகள் எல்லாம் ஒரே ஜாடியிலிருந்து வர வேண்டும் என்பதில் கோதண்டபாணி கண்டிப்பாக இருந்தார். வண்டு ஒரே மாதிரி, மருந்து ஒரே மாதிரி என்றால்தான், சாவில் வருகிற வித்தியாசம் மண்ணால் வந்தது என்று சொல்ல முடியும்.

ஒரு நாள் கழித்து ஸ்ரீபாலன் கிண்ணத்தை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மண்ணை விலக்கி, ஒவ்வொரு வண்டாக மெல்லிய தூரிகையால் தொட்டுப் பார்ப்பார். நடந்தால் உயிர், நடக்காவிட்டால் சாவு. கேட்பதற்கு எளிது. ஆனால் தொட்டவுடன் கால்களை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடப்பது மாவு வண்டின் குணம். அவருக்கு முன் எண்ணியவர் அவசரக்காரர். மடக்கியதை எல்லாம் செத்ததில் சேர்த்துவிட்டார். ஸ்ரீபாலன் வீட்டிலோ மாவைச் சலித்தால், சல்லடையில் நின்ற வண்டுகளை ஒரு முறத்தில் தட்டி, மிதிபடாத நிழலில் கொண்டுபோய் விடுவது வழக்கம். ஒரு வண்டு பயம் தெளிந்து காலை நீட்ட எத்தனை நேரம் எடுக்கும் என்பது அவருக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். தொட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணுவார். அப்புறம்தான் எழுதுவார். இரண்டு மாதத்தில் கோதண்டபாணி அவர் கணக்கைச் சரிபார்ப்பதை விட்டுவிட்டுக் கையெழுத்தை மட்டும் போட ஆரம்பித்தார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் ஏற்பாட்டில் ஒரு விஷயம் பேசப்படாமல் விட்டுப்போயிருந்தது. எண்ணி முடித்த பிறகு, மருந்து போட்ட கிண்ணங்களில் உயிரோடு மிஞ்சிய வண்டுகளை மண்ணெண்ணெய் டின்னில் கொட்ட வேண்டும். ஒரு முறை மருந்தில் கிடந்ததை மறுபடி சோதனைக்கு எடுக்கக் கூடாது என்பது விதி. அந்த நேரத்தில் கோதண்டபாணி உள்ளே எழுதிக்கொண்டிருப்பார். டின்னின் முன்னால் நிற்பது ஸ்ரீபாலன் மட்டுமே.

முதல் நாள் உமிக்கரி வரிசையில் ஒரு கிண்ணத்தில் மட்டும் பதினாறு மிஞ்சின. டின்னின் மூடியைத் திறந்தார், வாடை அடித்தது, மூடினார். அலமாரியில் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. அதில் ஒரு பிடி மாவைப் போட்டுப் பதினாறையும் விட்டு, தறிக்குழியின் மூலையில், ஜாடிக்குப் பின்னால் வைத்தார். வெளியே விட்டால் யார் வீட்டு மாவிலாவது ஏறி நசுங்கும். இங்கே பத்திரம். வாரா வாரம் அந்த பாட்டிலுக்கு ஆள் சேர்ந்தது. மணல் வரிசையிலிருந்து ஒன்றோ இரண்டோதான் வரும். கரி வரிசையிலிருந்து கூட்டமாக வரும். சில மாதத்தில் பாட்டில் மூன்றானது. குழியின் இருட்டு மூலையை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

முதல் ஆண்டுக் கணக்கு தெளிவாக வந்தது. இருபதுக்கு, மணலில் பத்தொன்பது செத்தன. வண்டலில் பதினாலு. தொழு உரத்தில் பதினொன்று. உமிக்கரியில் நாலே நாலு. கரி மருந்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது, பூச்சியிடம் போக விடுவதில்லை என்று கோதண்டபாணி எழுதி அனுப்பினார். ஓர் ஆண்டு போதாது, இன்னொரு முறை இதேபோல் வந்தால் ஏற்கலாம் என்று பதில் வந்தது. அங்கம்மாளுக்கு மட்டும், "கரிய பல்லுக்கு வெச்சிக்கம்மா, மருந்த மணல்ல கலந்து போடு" என்று சொல்லியனுப்பினார்கள்.

1969 ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்தது. தறிக்குழியில் நீர் கசிந்து, வளர்ப்பு ஜாடியின் மாவு பூஞ்சை பிடித்துக் கட்டியாகிவிட்டது. உள்ளே ஒரு வண்டும் தப்பவில்லை. சற்று உயரத்தில் செங்கல் மேல் இருந்த மூன்று பாட்டில்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோதண்டபாணி தங்கை கல்யாணத்துக்குச் செங்கல்பட்டு போயிருந்தார். வந்தவுடன் இரண்டாம் ஆண்டுச் சோதனை தொடங்க வேண்டும். ஸ்ரீபாலன் புது ஜாடியில் புது மாவு நிரப்பி, மூன்று பாட்டிலையும் அதில் கவிழ்த்தார். கொல்லாமல் விட்ட வண்டுகள் இப்போது திட்டத்தையே காப்பாற்றுகின்றன என்று அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இவற்றைத்தானே மறுபடி கிண்ணத்துக்கு அனுப்பப் போகிறோம் என்ற எண்ணமும் எழுந்தது. அதை மாவோடு சேர்த்து மூடி வைத்தார்.

"ஜாடி எப்படி இருக்குது?" என்று கேட்டார் திரும்பி வந்த கோதண்டபாணி.

"மாவு மாத்திட்டேன் சார்."

பொய் இல்லை. ஆனால் உண்மையில் பாதியைச் சொல்லி நிறுத்துகிறவன் பொய் சொல்கிறவனைவிட எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறான் என்பது அளக்கக் கஷ்டமான விஷயம்.

மார்கழியில் மணல் வரிசையில் பதின்மூன்று செத்தன. கோதண்டபாணி புருவத்தைச் சுருக்கினார். அடுத்த வாரம் பதினொன்று. தையில் ஒன்பது. உமிக்கரியில் ஒன்றுகூடச் சாகவில்லை. மணலுக்கும் கரிக்கும் உள்ள வித்தியாசம் இப்படியே குறைந்துகொண்டு போனால் இரண்டு ஆண்டு உழைப்புக்குப் பொருளே இல்லை. மண் அதே மண், ஆள் அதே ஆள், வண்டு அதே ஜாடி. மருந்து மட்டும்தான் புது மூட்டை. பொடியில் சுண்ணாம்பு கலந்திருக்கிறார்கள் என்று கோதண்டபாணி முடிவு செய்து, மருந்து விற்ற வரதராஜனுக்கு ஆள் அனுப்பினார்.

வரதராஜன் கீழ ராஜ வீதிப் பக்கம் விதையும் மருந்தும் விற்கும் சின்ன வியாபாரி. நெற்றியில் நாமம், தோளில் துண்டு. படியேறும்போதே குரல் வந்துவிட்டது.

"சார், பெருமாள் கோயில் வாசல்ல சூடம் அடிச்சி சத்தியம் பண்றேன். மூட்ட வந்தபடியே தையல் பிரிக்காம குடுத்தேன்!"

"சத்தியத்த கிண்ணத்துல போட்டு எண்ண முடியாதுய்யா. இருபதுல பதினொண்ணு எழுந்து நடக்குது. வெள்ளிக்கிழம ரிப்போர்ட் போவுது. லைசென்ஸ் இருக்குமா போவுமான்னு மேல இருக்கறவங்க பாத்துக்குவாங்க."

வரதராஜன் ஸ்ரீபாலன் பக்கம் திரும்பினார். "நயினாரே, நீங்கதானே எண்றீங்க? தப்பா எண்ணலியே?"

"தப்பா எண்ணலீங்க."

"அப்ப நான்தான் தப்பா?"

ஸ்ரீபாலனும் அன்று வரை பொடியைத்தான் சந்தேகப்பட்டார்.

புதன்கிழமை அங்கம்மாள் மறுபடி வந்தார். ரிப்போர்ட்டை டைப் அடிக்கக் கோதண்டபாணி கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அங்கம்மாள் கையில் வேரோடு பிடுங்கிய ஒரு வேர்க்கடலைச் செடி. இளம் காய்கள் பால் வெள்ளையாகத் தொங்கின.

"பாருங்க நயினாரே, ஒத்தப் புழு இருக்குதா பாருங்க. மார்கழியில வெதச்சேன். மணல்ல கலந்து எறச்சேன், அத்தோட செரி. உங்க ஆபீசருக்கு மூள இருக்குதுபா, மூஞ்சிலதான் சிரிப்பு இல்ல."

"எந்தக் கடைப் பொடிம்மா?"

"வேற எந்தக் கட? வரதராசன் கடதான். உங்க ஆபீசுக்கு வந்துச்சே, அதே மூட்ட. தையல் பிரிச்சி எனக்கு ரெண்டு படி அளந்து கொட்டிட்டு, மறுபடி தச்சி உங்களாண்ட அனுப்பினான். என் கண்ணு முன்னாடிதான்."

தையல் பிரிக்கவில்லை என்று வரதராஜன் சூடம் அடிக்கத் தயாராக இருந்தது ஸ்ரீபாலனுக்கு நினைவு வந்தது. சிரிப்பு வரவில்லை. செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூட்டை அதே மூட்டை. அதில் மருந்து நன்றாகத்தான் இருக்கிறது. மணலும் சரி. மிச்சம் இருப்பது வண்டு. அது எந்த வண்டு என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மருந்தில் கிடந்தும் சாகாதவை; சாகாதவற்றுக்குப் பிறந்தவை.

மாலையில் வீட்டுக்குப் போனபோது ரத்னமாலா கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீபாலன் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னார். சல்லடை நிற்கவில்லை.

"அதுங்கள காப்பாத்தினது தப்பா?" என்று கடைசியில் கேட்டார்.

"காப்பாத்தினது தப்புன்னு யாரு சொன்னா? காப்பாத்தினீங்க, அப்புறம் நீங்களே கிண்ணத்துக்கு அனுப்பி வெச்சீங்க. அதையும் வாயத் தொறந்து சொல்லல. இப்ப கடக்காரர் தலையில விடியுது. அவரும் உசுருதானே?"

"சொன்னா வேல போயிடும்."

"போனா போவுது. உங்க அண்ணன் தம்பிங்களோட சேந்து சேறு வாரலாம். அந்தக் கெணறு நம்மள நெனச்சிக்கினுதான் இருக்குது." ரத்னமாலா சல்லடையைத் தட்டினார். "மொதல்ல சாப்பிடுங்க, பொழுது போவுது."

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது அவர்கள் வழக்கம். அன்று ஸ்ரீபாலன் ஒரு பிடி கூடவே சாப்பிட்டார். சொல்லிவிடுவது என்று முடிவான பிறகு பசி எடுத்தது.

வியாழக்கிழமை காலை கோதண்டபாணி சட்டையை ஆணியில் மாட்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"சார், மிஞ்சின வண்ட நான் கிரோசின்ல போடல."

"பின்ன?"

"பாட்டில்ல வெச்சிருந்தேன்."

"எத்தன நாளு?"

"மொத நாள்லேர்ந்து சார். மழையில ஜாடி கெட்டுப்போச்சி. அப்ப அந்த பாட்டில எடுத்துத்தான் புது ஜாடியில ஊத்தினேன். இப்ப இருக்கறது எல்லாம் அதுங்கதான்."

கோதண்டபாணி சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். நெசவுக்காரர் போல் இரண்டு காலும் குழிக்குள் தொங்கின.

"ஏன்யா, ரெண்டு வருஷமா எனக்கே தெரியாம இந்தக் கூடத்துலயே ஒரு பயில்வான் கூட்டத்த வளத்து வெச்சிருக்கே. நான் போய் அந்த மனுஷன திருடன்னு எழுதியிருக்கேன்."

"தப்புதான் சார்."

"சும்மா சொன்னா நம்ப மாட்டேன். சோதிச்சிப் பாத்துதான் நம்புவேன். புது வண்டு வேணும். உங்க வீட்ல இருக்குமே?"

"அது மட்டும் கேக்காதீங்க சார்."

செய்தி தெரிந்து வரதராஜன் அரை மணியில் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவர் வீட்டுக் கோதுமை மாவு, வண்டு நெளிந்தது. "உம்ம மருந்துக்கு உம்ம வீட்டு வண்டே சாட்சி சொல்லணுமா? எடுத்துக்கினு போங்க" என்று கோதண்டபாணி அவரைத் திருப்பி அனுப்பினார். தானே சைக்கிளில் போய், பிள்ளையார்பாளையத்து மாவு மில்லில் இயந்திரத்துக்கு அடியில் கூட்டிய மாவை வாங்கி வந்தார். ஒரு கிண்ணத்தில் மில் வண்டு இருபது, இன்னொன்றில் ஜாடி வண்டு இருபது. அதே மணல், அதே பொடி, அதே அளவு. வழக்கம்போல் போட்டது கோதண்டபாணிதான்.

வெள்ளிக்கிழமை காலை ஜாடி வண்டுகளை முதலில் எண்ணினார் ஸ்ரீபாலன். ஒன்பது செத்திருந்தன. பிறகு மில் வண்டுகளைத் தாளில் கவிழ்த்தார். மறுபடி வந்திருந்த வரதராஜன் அவர் தோளுக்குப் பின்னால் குனிந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க. மூச்சு பட்டா கால மடக்கிக்கும்."

தொட்டார், பத்து எண்ணினார், தள்ளி வைத்தார். ஐந்து. பத்து. பதினைந்து. எதுவும் அசையவில்லை. பின்னால் வரதராஜன் பெருமாளைக் கூப்பிடுவது மெல்லக் கேட்டது. பத்தொன்பதும் தள்ளி வைத்தாயிற்று. இருபதாவதைத் தொட்டபோது ஸ்ரீபாலன் தன் மனத்தைப் பார்த்துவிட்டார். அது அசையக் கூடாது என்று அந்த மனம் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தது. வரதராஜனுக்காகத்தான், நல்ல காரணம்தான். ஆனால் ஒரு உயிர் போயிருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். கிண்ணத்துக்கு வெளியே உட்கார்ந்து எண்ணுகிறவன் என்று தன்னைப் பற்றி அவர் வைத்திருந்த எண்ணம் அந்த இடத்தில் நின்றுபோனது.

பத்து எண்ணினார். அது அசையவில்லை. எழுதியிருக்கலாம். இன்னும் ஒரு பத்து எண்ணினார். ஒரு கால் நீண்டது. பிறகு இன்னொன்று. வண்டு புரண்டு எழுந்து தாளின் ஓரத்தை நோக்கி நடந்தது.

"பத்தொம்பது" என்றார் ஸ்ரீபாலன்.

இந்த வாழ்க்கையில் பாராட்ட ஏதாவது உண்டு என்றால் அந்த இரண்டாவது பத்துதான். மற்றதெல்லாம் யாரும் செய்திருக்கக் கூடியவை.

பத்தொன்பதே போதும். வரதராஜன் தையல் பிரித்ததைத் தானாகவே ஒப்புக்கொண்டு இன்னொரு முறை திட்டு வாங்கினார். கோதண்டபாணி டைப் அடித்த தாளைக் கிழித்துப் போட்டார். புதுத் தாளை ஸ்ரீபாலன் முன்னால் வைத்து, "நடந்தத நீயே எழுது. நான் எழுதினா உன்ன காப்பாத்தறாப்பல ஆயிடும், இல்ல மாட்டி உடறாப்பல ஆயிடும்" என்றார். ஸ்ரீபாலன் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சித்திரையில் பதில் வந்தது. இரண்டாம் ஆண்டுக் கணக்கு செல்லாது. புது வண்டு வைத்துச் சோதனையை இன்னோர் ஆண்டு நடத்த வேண்டும். அதுவரை கூடமும் வேலைகளும் தற்காலிகமாக நீடிக்கும். கடைசியில், உதவியாளர் கண்டிக்கப்படுகிறார் என்று ஒரு வரி. அவர் தப்பே அவர் வேலைக்கு ஓர் ஆண்டு ஆயுள் கொடுத்துவிட்டது. இதில் நீதி எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. ரத்னமாலா கடிதத்தை வாசிக்கக் கேட்டு, "கண்டிச்சாச்சி இல்ல? அத்தோட உட்டாங்களா? அப்ப செரி" என்றார்.

அன்றே கோதண்டபாணி, "இனிமே டின் என் வேல. நீ எண்ணிட்டு எழுந்து போயிடு" என்று சொன்னார். நல்ல மனத்தோடு சொன்னதுதான்.

"வேணாம் சார்" என்றார் ஸ்ரீபாலன். "போடறது நீங்க, எண்றது நான்னு எனக்கு நானே சொல்லிக்கினு இருந்தேன். அது செரியா வரல. எண்ணினா எல்லாத்துலயும் இருந்த மாதிரிதான். எனக்கு மண்ணு வேலய குடுங்க."

"மண்ணு சலிக்கிறது மஸ்தூர் வேலய்யா, கூலியாளு செய்யறது. நெரந்தரம் ஆனாலும் அதே எடத்துலதான் நிப்பே."

"நிக்கறேன் சார்."

அப்படித்தான் எண்ணும் வேலையை விட்டு மண் வேலைக்கு வந்தார். வண்டல், உரம், கரி எல்லாம் இடித்துச் சலித்துப் பெயர் எழுதி வைப்பது. சோதனை முடிந்த விஷ மண்ணைப் பின்பக்கம் குழியில் கொட்டுவார்கள். அந்தக் குழியைச் சுற்றி எறும்பு செத்துக் கிடக்கும். ஸ்ரீபாலன் தானாகவே அதில் இரண்டு கூடை உமிக்கரியைக் கொட்டிக் கிளறிவிட்டார். ஒரு மாதத்தில் எறும்புகள் குழியின் மேலேயே சாரி போயின. கோதண்டபாணி பார்த்துவிட்டு, "யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"அங்கம்மாதான் சார். கரியில போட்டா புழு கொழுக்குதுன்னு."

கோதண்டபாணி அன்றுதான் சிரித்ததாக ஞாபகம் என்று ஸ்ரீபாலன் பிற்பாடு சொல்வார். மருந்து கொட்டிப்போன இடத்தில் உமிக்கரி போட வேண்டும் என்ற குறிப்பும் அந்த ஆண்டு ரிப்போர்ட்டில் சேர்ந்தது. பெயர் போடவில்லை, ஸ்ரீபாலன் எதிர்பார்க்கவும் இல்லை.

1971 மார்ச்சில் கணக்கு முதல் ஆண்டைப் போலவே வந்தது. மேலிடம் ஏற்றுக்கொண்டது. மஸ்தூர் வேலை நிரந்தரமானது. ஸ்ரீபாலன் மண்ணுக்குப் போனதிலிருந்து எண்ணியது கோதண்டபாணிதான்; எண்ணுகிற வேலைக்கு இருந்த இடத்தை மேலிடம் எடுத்துவிட்டதால் பிறகும் அவரே எண்ணினார். அவருக்குப் பொறுமை போதாது. வாரத்துக்கு ஒரு நாளாவது உள்ளேயிருந்து குரல் வரும்.

"ஸ்ரீபாலா, இது செத்துதா, நடிக்குதா?"

எண்ணமாட்டேன் என்று விட்டு வந்தவர்தான். முதல் சில வாரம் காது கேளாதவர் போலச் சலித்துக்கொண்டிருந்தார். பிறகு, தப்பாக எழுதினால் அந்தக் கணக்கும் அங்கம்மாள் போல யாரோ ஒருவரின் கொல்லைக்குப் போய்ச் சேருமே என்று தோன்றியது. கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, வாசற்படியில் நின்று எட்டிப் பார்ப்பார்.

"இன்னும் ஒரு பத்து எண்ணுங்க சார்."

கோதண்டபாணி எண்ணுவார். ஸ்ரீபாலன் நின்று பார்ப்பார். சில நாள் கால் நீளும், சில நாள் நீளாது. எதுவானாலும் கோதண்டபாணி எழுதி முடிக்கும் வரை நின்றுவிட்டு, மண்ணுக்குத் திரும்புவார்.